கூரைமேல் சூரிய மின்சாரம்: வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

(பண்ணை வானொலி உரை)



இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் சோலார் பேச்சுதான். டீக்கடையிலும் அதே பேச்சு, கூட்டுறவுச் சங்க வாசலிலும் அதே பேச்சு. "கூரை மேலே தகடு போட்டா கரண்டு பில்லே வராதாமே?" என்று ஒருவர் கேட்கிறார். "ஊரெல்லாம் கரண்டு போனாலும் நம்ம வீட்ல மட்டும் லைட் எரியுமாமே?" என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால், ஒரே அமைப்பைப் போட்டால் இரண்டும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பில்லைக் குறைக்கும் அமைப்பு வேறு. கரண்டு போன நேரத்தில் விளக்கு எரிய வைக்கும் அமைப்பு வேறு. இரண்டையும் செய்யும் அமைப்பு மூன்றாவது. அதற்குச் செலவு கூடுதல். இது தெரியாமல் கடனை வாங்கிப் போட்டுவிட்டு, முதல் மழைக்காலத்தில் இருட்டில் உட்கார்ந்து வருத்தப்படக் கூடாது அல்லவா? அதனால், சூரிய மின்சாரம் எப்படி உண்டாகிறது, எப்படி வீட்டுக்குள் வருகிறது, நமக்கு எது பொருந்தும் என்பதை இன்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெயில் எப்படி மின்சாரம் ஆகிறது?

வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டிலேயே பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது உபயோகத்துக்கு வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன.

சிலிக்கான் என்பது மணலில் நிறைந்திருக்கும் பொருள். அதை நன்றாகச் சுத்திகரித்து, அப்பளம் போல மெல்லிய வில்லைகளாக அறுக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் இரண்டு அடுக்கு உண்டு. ஓர் அடுக்கில் துளியளவு பாஸ்பரஸ் சேர்ப்பார்கள். நெல்லுக்கு மணிச்சத்து என்று போடுகிறோமே, அதே பாஸ்பரஸ்தான். அடுத்த அடுக்கில் துளியளவு போரான் சேர்ப்பார்கள். தென்னைக்கு நுண்ணூட்டமாகக் கொடுக்கிறோமே, அதே போரான்தான். பெயர்கள் நமக்குப் புதிதல்ல.

இந்த இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில்தான் வேலை நடக்கிறது. கிணற்றில் மோட்டார் குழாயின் அடியில் ஃபுட் வால்வு வைக்கிறோம். தண்ணீர் மேலே ஏறலாம், திரும்பக் கீழே இறங்க முடியாது. அதுபோல, வெளிச்சம் வில்லைமேல் பட்டதும் உள்ளே இருக்கும் எலக்ட்ரான் என்ற நுண்துகள்கள் உதைபட்டுக் கிளம்புகின்றன. அடுக்குகள் சேரும் இடம் அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், திரும்பி வர விடாது. திரும்பி வரவேண்டுமானால் வெளியே இருக்கும் கம்பி வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். அப்படிச் சுற்றி வரும் ஓட்டம்தான் மின்சாரம். வழியில் ஒரு பல்பை வைத்தால் பல்பு எரியும். தகட்டில் சுழலும் பாகம் இல்லை, எண்ணெய் போட வேண்டியதில்லை, தேய்மானமும் மிகக் குறைவு. நல்ல கம்பெனித் தகடுகளுக்கு 25 ஆண்டு வரை உற்பத்தி உத்தரவாதம் தருவது இதனால்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தகடு கேட்பது வெளிச்சத்தை, சூட்டை அல்ல. "சித்திரை வெயில்ல ரொம்ப கரண்டு வருமில்லையா?" என்று கேட்பார்கள். வெளிச்சம் நிறைய இருப்பது உண்மை. ஆனால் தகடு சூடேற ஏற அதன் உற்பத்தி குறையும். 25 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் தகட்டின் அளவைக் குறிக்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்குச் சுமார் 0.3 முதல் 0.4 பங்கு குறையும். கோடை நண்பகலில் கூரைத் தகடு 60 டிகிரிக்கு மேல் போகும். அப்போது எட்டில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும். ஆகையால் தகட்டைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், அடியில் காற்று ஓட இடம் விட்டு, சட்டம் அடித்து உயர்த்திப் போட வேண்டும்.

வரப்பில் நடப்பவர்களும் நிழலும்

ஒரு வில்லை கொடுப்பது சுமார் அரை வோல்ட்தான். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பல வில்லைகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துத் தகடு செய்கிறார்கள். தகடுகளையும் அப்படியே ஒன்றோடொன்று கோக்கிறார்கள்.

அறுவடை நேரத்தில் ஒற்றை வரப்பின் மேல் கதிர்க்கட்டைச் சுமந்துகொண்டு பத்துப் பேர் வரிசையாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதுதான். தகட்டிலும் இதே கதைதான். ஒரு தென்னை மட்டையின் நிழல் நாலைந்து வில்லைகள் மேல் விழுந்தால் போதும், அந்த வரிசை முழுவதும் மந்தமாகிவிடும். நின்றவரைச் சுற்றிப் போக வயலில் இறங்கி ஏறுவது போல, தகட்டின் பின்பக்கப் பெட்டியில் விலகு வழி ஒன்று வைத்திருப்பார்கள். டையோடு என்று அதற்குப் பெயர். பொதுவாக ஒரு தகட்டுக்கு மூன்று இருக்கும். அதனால் முழுத் தகடும் செத்துப்போகாது. இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு போனால் போனதுதான்.

ஆகவே, தகடு போடும் முன் காலை 9 மணிக்கும், நண்பகலிலும், மாலை 3 மணிக்கும் மாடியில் ஏறி நின்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர், டிஷ் ஆண்டெனா, மரம் இவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், நிழல் நீளும். தெற்குப் பக்கம் இருக்கும் இளந்தென்னை ஐந்து வருஷத்தில் எவ்வளவு உயரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குச் சுமார் 10 முதல் 13 டிகிரிச் சரிவு போதும். மழை பெய்தால் தூசி கழுவிக்கொண்டு இறங்கவும் இந்தச் சரிவு உதவும்.

ஊற்று, தொட்டி, மதகு

இனி வீட்டுக்குள் வருவோம். சூரிய மின் அமைப்பை நம் பாசன முறையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

தகடு என்பது ஊற்று. வெயில் இருக்கும்போது சுரக்கும், மாலையில் நின்றுவிடும். தகட்டுக்குள் மின்சாரம் தங்காது. அந்த நேரத்தில் உபயோகிக்காவிட்டால், தேக்கி வைக்காவிட்டால் அது நமக்கு இல்லை.

பேட்டரி என்பது தொட்டி. பகலில் சுரந்ததைத் தேக்கி இரவில் கொடுக்கும். அமைப்பில் முதலில் கெட்டுப்போகும் பாகமும் இதுதான். தமிழ்நாட்டில் 2011-ல் அறிவித்த பசுமை வீடு திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து சூரிய விளக்கு கொடுத்தார்கள். அப்படிப்பட்ட விளக்கு எரியாமல் நின்றுவிட்டால், "சோலார் கெட்டுப்போச்சு" என்று தகட்டைக் குறை சொல்லிவிடுவோம். பெரும்பாலும் தகடு நன்றாகத்தான் இருக்கும், பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

சார்ஜ் கண்ட்ரோலர் என்பது மதகு. தொட்டி நிரம்பி வழியாமல் வரத்தை நிறுத்தும். இரவில் பேட்டரியிலிருந்து மின்சாரம் தகட்டுக்குத் திரும்பி ஓடாமலும் தடுக்கும். தொட்டி அடி மட்டத்துக்குப் போகும் முன் வெளியேற்றத்தை அடைக்கும் வேலையை இதுவோ இன்வெர்ட்டரோ செய்யும்.

இன்வெர்ட்டர் என்பது மாற்றிக் கொடுக்கும் இயந்திரம். தகடும் பேட்டரியும் கொடுப்பது ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரம். டார்ச் லைட்டில் இருப்பது போல. நம் வீட்டு மின்விசிறியும் மிக்ஸியும் கேட்பது விநாடிக்கு 50 சுற்று, முன்னும் பின்னுமாக மாறி ஓடும் 230 வோல்ட் மின்சாரம். அதை இதாக மாற்றுவது இன்வெர்ட்டர். மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். வாய்க்காலில் தண்ணீர் கசிவது போலத்தான்.

வோல்ட் என்றால் தண்ணீர் நிற்கும் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் என்றால் குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட். ஆயிரம் வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பில்லில் வருவது இந்த யூனிட்தான்.

மூன்று வகை அமைப்பு

முதல் வகை, தனித்து நிற்பது. தகடு, கண்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர். மின்வாரியக் கம்பியோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. தோட்டத்து வீடு, மாட்டுக்கொட்டகை, கம்பி எட்டாத மலைக் கிராமம் இவற்றுக்கு ஏற்றது.

இரண்டாவது வகை, மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. இதில் பேட்டரி கிடையாது. பகலில் தகடு கொடுப்பதை வீடு எடுத்துக்கொள்ளும். மிச்சம் கம்பி வழியாக வெளியே போகும். இரவில் கம்பியிலிருந்து மின்சாரம் உள்ளே வரும். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டு பக்கமும் கணக்கு எழுதும் மீட்டரை வைப்பார்கள். மாதம் முழுவதும் பால் சங்கத்தில் ஊற்றிவிட்டு, வாங்கிய தீவனத்தைக் கழித்துக்கொண்டு கணக்கு முடிப்பது போல என்று சொல்லலாம். பேட்டரி இல்லாததால் செலவு குறைவு, பராமரிப்பும் குறைவு. பில்லைக் குறைக்க இதுதான் சரியான வழி.

ஆனால், மின்வாரியக் கம்பியில் கரண்டு போனால் இதுவும் நின்றுவிடும். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் நின்றுவிடும். "என் கூரை, என் தகடு, என் வெயில்! எனக்கு ஏன் கரண்டு வரலை?" என்று கோபம் வரும். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் கோபம் போய்விடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தது நினைவிருக்கும். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் வந்து, வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள். அப்படி ஒருவர் லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தின்மேல் ஏறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் அதைத் தொடுகிறார். அந்த நேரத்தில் உங்கள் கூரைத் தகடு கம்பிக்குள் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? உங்கள் வீட்டு 230 வோல்ட், டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி ஏறினால் மறுபக்கம் 11,000 வோல்ட் ஆகிவிடும். கம்பத்தில் இருப்பவர் பிழைக்க மாட்டார்.

இதற்காகத்தான், வெளியே கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த இரண்டொரு விநாடியில் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். அது குறைபாடு அல்ல, ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடு. "அதெல்லாம் ஒண்ணுமில்லேண்ணே, நான் ஒரு ஒயரை மாத்திக் கொடுத்துடறேன், கரண்டு போனாலும் ஓடும்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இதே எச்சரிக்கை ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரைப் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது கூடவே கூடாது. வெளிக் கம்பியை முழுவதுமாகப் பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்சு இருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, கலப்பு அமைப்பு. கம்பியோடும் இணைந்திருக்கும், பேட்டரியும் இருக்கும். வெளியே கரண்டு போனால் வீட்டை வெளிக் கம்பியிலிருந்து பிரித்துவிட்டு, நீங்கள் குறித்துக் கொடுத்த விளக்கு, விசிறிகளுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து கொடுக்கும். பில்லும் குறையும், விளக்கும் எரியும். பேட்டரியின் விலையும், சில வருஷம் கழித்து அதை மாற்றும் செலவும் கூடச் சேரும்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டு போனாலும் இரவில் ஓடவேண்டியவை எவை என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு வீட்டைப் பார்ப்போம்.

9 வாட் எல்.இ.டி. பல்பு 4, தினம் 5 மணி நேரம்: 180 வாட் மணி.
75 வாட் மின்விசிறி 2, தினம் 8 மணி நேரம்: 1,200 வாட் மணி.
50 வாட் டி.வி. 1, தினம் 3 மணி நேரம்: 150 வாட் மணி.
செல்போன் சார்ஜ்: 20 வாட் மணி.

ஆக மொத்தம் 1,550 வாட் மணி. அதாவது ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் ஈய பேட்டரியில் மொத்தம் 1,800 வாட் மணி பிடிக்கும். ஆனால் தொட்டியை அடி வரை இறைக்கக் கூடாது. தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் ஈய பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். பாதி என்றால் 900. இன்வெர்ட்டரில் பத்தில் ஒரு பங்கு வீணாவது போக, கைக்கு வருவது 810. மேலே சொன்ன வீட்டுக்கு இரண்டு பேட்டரி வேண்டும்.

அவசரப்பட்டு இரண்டாவது பேட்டரி வாங்க வேண்டாம். பட்டியலில் அதிகம் இழுப்பது எது என்று பாருங்கள். மின்விசிறி! பி.எல்.டி.சி. என்ற புது ரக விசிறி 30 வாட்டில் ஓடுகிறது. அந்த இரண்டை மாற்றினால் 1,200 என்பது 480 ஆகிவிடும். மொத்தம் 830. செல்போனைப் பகலில் சார்ஜ் போட்டுவிட்டால் இரவுக்கு 810. ஒரே பேட்டரியில் கணக்கு முடிந்துவிட்டது. சொட்டு நீர் போட்டுத் தண்ணீர்த் தேவையைக் குறைத்த பிறகு மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது போல, முதலில் தேவையைக் குறையுங்கள், பிறகு அமைப்பை வாங்குங்கள்.

அடுத்தது தகடு. 830 வாட் மணி வேண்டும் என்றால், பேட்டரியிலும் ஒயரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதைச் சேர்த்து 1,250 உற்பத்தி செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு, வருஷ சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். 1,250-ஐ 4-ஆல் வகுத்தால் 310 வாட் தகடு. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் போட்ட நாட்களில் உற்பத்தி பாதிக்கும் கீழே போகும். அதனால் 400 முதல் 500 வாட் வரை போட்டுக்கொள்வது நல்லது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட சிறிய அமைப்பில் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் இவற்றைப் போடக் கூடாது. ஆயிரம் வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும். வயல் மோட்டாரையும் இதில் சேர்க்க நினைக்காதீர்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடவே 3.7 கிலோவாட் வேண்டும், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சூரிய பம்புசெட்டு தனி அமைப்பு. அதற்கு 2019-ல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டம் தனியாக இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அதை விசாரியுங்கள்.

பில்லுக்காகப் போடுகிறீர்களா?

அப்படியானால் முதலில் கடந்த ஒரு வருஷ பில்லை எடுத்துப் பாருங்கள். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்தது. யூனிட் ஏற ஏற, மேல்படி யூனிட்டின் விலையும் ஏறும். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட், 200 யூனிட் ஓடும் வீட்டுக்குப் பில்லுக்காக மட்டும் சோலார் போடுவதில் பெரிய லாபம் இல்லை. ஏனென்றால் மிச்சம் பிடிக்க அங்கே பெரிய தொகையே இல்லை. 500 யூனிட், 600 யூனிட் என்று போகும் வீட்டில்தான் நன்றாகக் கட்டுப்படியாகும். 1 கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் கொடுக்கும். 2 கிலோவாட் என்றால் 480. உங்கள் செலவை இதோடு ஒட்டிப் பாருங்கள்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'சூர்ய கர்' என்ற வீட்டுக்கூரை சூரிய மின் திட்டத்தை அறிவித்தது. அதில் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். கம்பியோடு இணைந்த அமைப்புக்குத்தான் இந்த மானியம். தனித்து நிற்பதற்குக் கிடையாது. பதிவு பெற்றவர்தான் வேலை செய்ய வேண்டும். வேலை முடிந்து, மீட்டர் பொருத்தி, சோதனை ஆன பிறகுதான் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும். "மானியத்தை நாங்களே வாங்கிக்கிறோம், இந்த வெள்ளைத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால் போடாதீர்கள். விதிகளும் தொகையும் மாறக்கூடியவை. வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு என்ன கணக்கு, வேறு கட்டணம் உண்டா என்பதை உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

போடும்போதும் போட்ட பிறகும்

தகடு என்பது காற்றைப் பிடிக்கும் பாய் மாதிரி. கடலோரத்திலும் காற்று அடிக்கும் ஊரிலும் வெறும் கல்லை வைத்து அழுத்தி நிறுத்துவது உதவாது. துரு ஏறாத சட்டம் வேண்டும், தளத்தில் சிமெண்டு மேடை கட்டி போல்ட்டு முடுக்க வேண்டும். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அவற்றின்மேல் பாரம் ஏற்றாமல், தரையிலிருந்து தனிக்கால் ஊன்றிச் சட்டம் அமைப்பதே நல்லது. எர்த் குழியும் இடிதாங்கியும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பகலில் தகட்டின் மின்சாரத்தை யாராலும் அணைக்க முடியாது. வெளிச்சம் இருக்கும் வரை ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல தகடுகள் கோத்த இடத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். ஆகையால் ஒயரைப் பிடுங்குவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. எலி கடிக்காமல் ஒயரைக் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தூசி படிந்தால் உற்பத்தி குறையும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ, மெல்லிய துணியால் துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். உப்புத் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாகப் படிந்துவிடும். சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தகட்டின்மேல் கால் வைக்கவோ, வத்தல் வடகம் காய வைக்கவோ கூடாது.

ஈய பேட்டரிக்கு மாதம் ஒரு முறை தண்ணீர் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். கிணற்று நீர், குழாய் நீர் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கும் வாயு. அதனால் பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் விளக்கு ஏற்றுவதும் பீடி பற்ற வைப்பதும் வேண்டாம். அடுப்படியிலும் படுக்கை அறையிலும் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் வேண்டாம். நூற்றுக்கு 80 பங்கு வரை இறக்கலாம், ஆயுளும் கூடுதல். ஆனால் விலை அதிகம். எல்லாச் சார்ஜரும் அதற்கு ஒத்துப்போவதில்லை என்பதால் பொருத்தமான கருவியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

விற்க வருபவரிடம் கேளுங்கள்

கடைசியாக, விற்பனைக்கு வருபவரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு, பதிலைப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று: கரண்டு போனால் இந்த அமைப்பு ஓடுமா, ஓடாதா? ஓடும் என்றால் எதெது, எத்தனை மணி நேரம்?

இரண்டு: இந்தக் கூரையில், இந்த நிழலில், மாதம் எத்தனை யூனிட் வரும்?

மூன்று: தகடு, இன்வெர்ட்டர், பேட்டரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எத்தனை வருஷ உத்தரவாதம்?

நான்கு: பழுது வந்தால் எங்கிருந்து, எத்தனை நாளில் ஆள் வரும்?

ஐந்து: மானியம் போக என் கையிலிருந்து எவ்வளவு? மானியம் வரத் தாமதமானால் கடனுக்கு வட்டி யார் கட்டுவது?

மூன்று பேரிடமாவது விலைப்புள்ளி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இரண்டு மழைக்காலம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். அந்த வீட்டுக்காரர் சொல்வது, அச்சடித்த நோட்டீஸ் சொல்வதைவிடப் பயன்படும்.

சூரிய மின்சாரம் நல்ல சரக்குதான், சந்தேகம் வேண்டாம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே எழுந்திருக்கிறது. வறண்ட பூமி என்று நாம் சொன்ன இடத்தில் வெயிலே விளைச்சலாகிவிட்டது. உங்கள் கூரையிலும் அது விளையும். விதை வாங்கும்போது ரகம், பட்டம், முளைப்புத்திறன் மூன்றையும் கேட்டு வாங்குகிறீர்கள். இதையும் அப்படியே கேட்டு வாங்குங்கள். பில்லுக்கா, இருட்டுக்கா, இரண்டுக்குமா என்று இன்று இரவே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வேலையை அதன் பிறகு ஆரம்பிக்கலாம்.